பழைய ஸ்டுடியோவின் நெகட்டிவ்களும் பிரிண்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் விட்டுப்போன கண்ணாடி நெகட்டிவ், ஃபிலிம், அட்டையில் ஒட்டிய பிரிண்ட், ஆர்டர் நோட்டு எல்லாம் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஏறக்குறைய 1870-களிலிருந்து 1950 வரையிலான கறுப்பு வெள்ளைப் படங்களை மனதில் வைத்து எழுதியது இது. கலர் ஃபிலிமுக்குக் கணக்கு வேறு.

பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டோம். முதலில் என்ன செய்வது?

எதையும் எடுத்து அடுக்காதீர்கள். எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை, தூசு தட்டி, சைஸ்வாரியாகப் பிரித்து, பழைய கவர்களை எறிந்துவிட்டுப் புதிதாக அடுக்குவதுதான். பெரும்பாலான சேகரங்கள் பரணில் கெட்டதைவிட அந்த ஒரு நாளில் கெட்டதே அதிகம்.

பெட்டியைத் திறந்தபடியே போனில் படம் எடுங்கள். மேல் மூடி, உள்ளே ஒட்டிய சீட்டு, அடுக்கியிருக்கும் வரிசை, சுற்றியிருக்கும் செய்தித்தாள் என ஒன்றையும் விட வேண்டாம். செய்தித்தாளின் தேதிகூட ஒரு தடயம். பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எழுத்து, உள்ளே இருப்பவற்றுக்கு வந்த வரிசையிலேயே எண் என்று கொடுத்துக்கொண்டு போங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ஸ்டுடியோ என்பது கணக்கு வைத்து நடந்த தொழில். பல ஸ்டுடியோக்களில் பிளேட்டின், அதாவது கண்ணாடி நெகட்டிவின், மூலையில் ஓர் எண்ணைக் கீறி வைப்பார்கள்; அதே எண் கவரிலும் இருக்கும், ஆர்டர் நோட்டிலும் இருக்கும். உதாரணத்துக்கு, பிளேட்டில் 1147 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் அந்த வரியைப் பார்த்தால் ஆள் பெயர், ஊர், ‘ஹாஃப் பிளேட், 3 காப்பி’ என்று படத்தின் அளவும் எண்ணிக்கையும், வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் கிடைக்கும். நோட்டு போய்விட்டால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர்.

ஆகவே எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டும், ரசீதுப் புத்தகமும், ஸ்டுடியோ முத்திரையும், கெமிக்கல் வாங்கிய பில்லும் நெகட்டிவைப் போலவே முக்கியம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படித்தால் போதும்.

நெகட்டிவ் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாமே, பழைய பிரிண்ட் எதற்கு?

நெகட்டிவில் கேமரா பார்த்தது இருக்கும். போட்டோகிராபர் என்ன காட்ட நினைத்தார் என்பது பிரிண்டில்தான் இருக்கும்.

நம் ஊர் சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதராஸ் மாகாண அரசின் போட்டோகிராபராக 1857 கடைசியில் கிளம்பி, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். மெழுகேற்றிய காகிதத்தை நெகட்டிவாக அதிகம் பயன்படுத்தினார். படம் பதிவதற்காக நெகட்டிவில் ஏற்றும் மருந்துப் பூச்சு அந்தக் காலத்தில் நீல வெளிச்சத்தை மட்டும் அதிகமாக உள்வாங்கும். அதனால் வானம் ஒன்று திட்டுத்திட்டாக வரும், இல்லாவிட்டால் வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் நெகட்டிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரங்களின் இலைப்பகுதியையும் அப்படியே சரிசெய்தார். இது தெரியாமல் யாராவது அந்த நெகட்டிவை ‘சுத்தம்’ செய்திருந்தால் மேகமே போயிருக்கும்.

அவருடைய இன்னொரு வேலை, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளின் நீள்படம். 21 பிரிண்டுகளை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்குச் செய்தார். தனித்தனி நெகட்டிவாகப் பார்த்தால் எல்லாம் எழுத்து வெட்டிய கல் துண்டுகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்கூடச் சட்டெனத் தெரியாது. ஒட்டிய பிரிண்டைப் பார்த்தால்தான் அந்த மனிதர் என்ன செய்யப் பார்த்தார் என்பது புரியும்.

எனவே ‘டூப்ளிகேட் பிரிண்ட்’ என்று எதையும் கழித்துக்கட்டாதீர்கள். ஒன்று வெளிறிப் போயிருக்கும், இன்னொன்றின் முதுகில் பெயர் எழுதியிருக்கும்.

கையில் இருப்பது என்ன வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கண்ணாடி. 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடியில் கையாலேயே கொலோடியன் என்ற திரவத்தை ஊற்றிப் பரப்பி, காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். அந்தப் பிளேட்டில் கை வேலை தெரியும்: ஓரத்தில் பூச்சு ஏறி இறங்கியிருக்கும், பிடித்த மூலையில் கட்டைவிரல் அளவுக்குப் பூச்சே இல்லாமல் இருக்கும், சாய்த்துப் பார்த்தால் பால் கலந்த தேநீர் நிறம் அடிக்கும். ஜெலட்டின் பூசிய உலர் பிளேட்டை ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் 1871-இல் அறிவித்தார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் தொழிற்சாலைப் பிளேட்டுகள் கடைக்கு வந்துவிட்டன. அவற்றில் பூச்சு ஓரம்வரை சமமாக இருக்கும், நிறம் கறுப்பு. குடும்பங்களிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த ஜெலட்டின் பிளேட்டுகள்தான்.

பூச்சு எந்தப் பக்கம்? வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாக இருப்பது பூச்சுப் பக்கம், பளபளப்பது வெறும் கண்ணாடி. பூச்சுப் பக்கத்தில் விரலே படக்கூடாது.

பிரிண்டுகளில், மெல்லிய காகிதம், தடித்த அட்டையில் ஒட்டியது, ஊதா கலந்த பழுப்பு, வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சள், பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலே நுண்ணிய வெடிப்புகள் என்று இருந்தால் அது ஆல்புமின் பிரிண்ட். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய காகிதம். அட்டையின் கீழே ‘நிக்கலஸ் அண்ட் கோ, மெட்ராஸ்’, ‘வீலே அண்ட் க்ளைன்’ என்று ஸ்டுடியோ பெயர் பொன்னெழுத்தில் இருக்கக்கூடும். அட்டையை வெட்டிப் படத்தை மட்டும் எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

நிழலான பகுதிகளில் நீலம் பாய்ந்த வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் அது ஜெலட்டின் படம். காற்றிலுள்ள ஆக்சிஜனேற்றும் வாயுக்களும் ஈரமும் சேர்ந்து உள்ளிருக்கும் வெள்ளியை மேற்பரப்புக்கு இழுத்து வந்திருக்கின்றன. துடைத்தால் போகும், படமும் கொஞ்சம் சேர்ந்து போகும்.

சில நெகட்டிவ்களில் முகத்தின் மேல் பென்சில் கிறுக்கலும் சிவப்புக் கறையும் இருக்கின்றன. துடைக்கலாமா?

கூடாது. அதுதான் டச்சிங், அதாவது படம் அழகாக விழ ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் கையால் செய்த திருத்தம்.

ஜன்னலோரம் சாய்வு மேசை போட்டு, நெகட்டிவைப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, சீவிச்சீவி ஊசியாக்கிய பென்சிலால் கன்னத்து அம்மைத் தழும்பை நிரப்புவார்கள். நெகட்டிவில் தழும்பின் நிழல் தெளிவான புள்ளியாக இருக்கும். அங்கே பென்சில் கரி ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துச் சமமாகிவிடும். பென்சில் பிடிப்பதற்காகப் பூச்சின் மேல் ஒரு மெல்லிய வார்னிஷும் தடவியிருப்பார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கன்னத்தில் சின்னச்சின்ன வளைவுகள், கழுத்தில் குறுக்குக் கோடுகள், மூக்கின் மேல் ஒரே நீளக் கோடு. ஒவ்வொரு டச்சிங்காரருக்கும் ஒரு கையோட்டம் உண்டு. பழகிய கண்ணுக்கு ஒரே ஸ்டுடியோவில் இரண்டு கைகள் வேலை செய்திருப்பதுகூடத் தெரியும்.

சிவப்பு வேறு விஷயம். முகம் கறுத்து விழாமல் இருக்க நியூ காக்சின் என்ற சிவப்புச் சாயத்தை நீரில் கரைத்து அந்தப் பகுதியில் ஏற்றுவார்கள். போட்டோ காகிதத்துக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது என்பதால், சாயம் ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். தமிழ்நாட்டு ஸ்டுடியோ நெகட்டிவ்களில் முகமெல்லாம் இளஞ்சிவப்பாக இருப்பதன் ரகசியம் இதுதான். மாப்பிள்ளை பார்க்கப் போகும் படத்தில் எவ்வளவு சிவப்பு ஏற்றினார்கள் என்பது அந்த ஊரின் நிறப் பித்துக்கு ஒரு சாட்சி. யாரும் வேறெங்கும் எழுதி வைக்காதது. ஈரப் பஞ்சு பட்டால் அந்தச் சாயம் கரைந்து ஓடிவிடும்.

பின்னணியை முழுக்க மறைத்துத் தீட்டிய கெட்டியான செங்காவி வண்ணமும் அப்படித்தான். உதிர்ந்தால் உதிரட்டும், நீங்கள் உதிர்க்காதீர்கள்.

அப்படியானால் சுத்தமே செய்யக்கூடாதா?

செய்யலாம், கொஞ்சமாக. தூசுக்குக் கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் ப்ளோயர், அப்புறம் மென்மையான பிரஷ். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

ஜெலட்டின் பிளேட்டின் வெறும் கண்ணாடிப் பக்கத்தில் மட்டும், பஞ்சை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஓரத்தைத் தொடாமல் துடைக்கலாம். அதற்குமுன் அந்தப் பக்கத்தில் எழுத்தோ வண்ணமோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பூச்சு ஓரத்தில் உரிந்திருந்தால் அந்தப் பிளேட்டுக்கு இதுவும் வேண்டாம்.

கொலோடியன் பிளேட்டின் பக்கத்தில் ஸ்பிரிட், சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வரக்கூடாது. கொலோடியனும் அதன் வார்னிஷும் இவற்றில் கரைபவை. ஒரே துடைப்பில் வெறும் கண்ணாடி கிடைக்கும்.

பூஞ்சை பிடித்த ஜெலட்டினையும் நனைக்காதீர்கள். பூஞ்சை அந்த ஜெலட்டினைத் தின்று தண்ணீரில் கரைகிற மாதிரி ஆக்கி வைத்திருக்கும். காய்ந்த இடத்துக்கு மாற்றி, பூஞ்சை பொடியாகிய பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு பிரஷால் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபிலிம் பெட்டியைத் திறந்தால் புளித்த வாடை அடிக்கிறது. ஆபத்தா?

காடி வாடை என்றால் அசிடேட் ஃபிலிம். கெட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் எளிதில் தீப்பிடிக்காது. சுருங்கி, அடிப்படலம் ஒரு பக்கம் பூச்சு ஒரு பக்கம் என்று வாய்க்கால் வாய்க்காலாக எழும்பும். ஒன்று கெட்டால் அதன் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். தனியாக எடுத்து வையுங்கள். ஸ்கேன் செய்யும் வரிசையில் இவைதான் முதலில் நிற்க வேண்டும். கண்ணாடி காத்திருக்கும், இது காத்திருக்காது.

நைட்ரேட் ஃபிலிம்தான் கவலைக்குரியது. 1889-இல் ஈஸ்ட்மன் கம்பெனி விற்கத் தொடங்கி, 1950-களின் தொடக்கம் வரை புழங்கியது. கெடக் கெட மஞ்சளாகி, பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். வாடை காரமாக மூக்கில் ஏறும். தீப்பிடித்தால் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது; புகை நச்சு. மிகவும் கெட்ட நிலையில் உள்ள நைட்ரேட், 41 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் நெடுநேரம் இருந்தால் தானாகவே பற்றக்கூடும். அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டுப் பரண் எவ்வளவு சுடும் என்று உங்களுக்கே தெரியும்.

எப்படி அடையாளம் காண்பது? ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’ (எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் வகை) என்றோ ‘நைட்ரேட்’ என்றோ இருக்கிறதா பாருங்கள். 1949-க்கு முந்தைய கோடக் ஷீட் ஃபிலிம் என்றால், மூலையிலுள்ள வெட்டுகளில் ஓரத்திலிருந்து முதல் வெட்டு ஆங்கில ‘வி’ வடிவில் இருந்தால் நைட்ரேட், ‘யு’ வடிவில் இருந்தால் சேஃப்டி. ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கச் சொல்லும் யூடியூப் அறிவுரையைக் கேட்காதீர்கள்.

நைட்ரேட் என்று தெரிந்தால் காற்றோட்டமுள்ள, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றுங்கள். காற்றுப்புகாத டப்பா கூடாது. அதன் ஆவி வெள்ளியையும் காகிதத்தையும் அரிக்கும், ஆகவே மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். ஒட்டிப் பொடியான நிலையில் இருப்பவற்றைக் குப்பையில் போடவோ கொல்லையில் கொளுத்தவோ வேண்டாம். தீயணைப்புத் துறையிடம் சொல்லி அவர்கள் வழியாக அப்புறப்படுத்துங்கள்.

எதில் சுற்றி, எங்கே வைப்பது?

அமிலமற்ற காகிதத்தில், நான்கு பக்கமும் மடிப்பு உள்ள கவர் செய்து, நடுவில் பிளேட்டை வைத்து மூடுவது உத்தமம். உறைக்குள் நுழைப்பது போல் இல்லாமல், இலை மடிப்பது மாதிரி மடித்து மூடலாம், பூச்சு உராயாது. எண்ணைக் கவரில் முதலிலேயே பென்சிலால் எழுதிவிட்டு அப்புறம் பிளேட்டை வையுங்கள். உள்ளே வைத்துவிட்டு மேலே அழுத்தி எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய பட்டர் பேப்பர் கவர் நாளாவட்டத்தில் அமிலமாகும், ஈரத்தில் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து மாற்ற வேண்டும். ஆனால் அதன் மேல் எழுத்து இருந்தால் கவரையும் அதே எண் போட்டுத் தனிப் பெட்டியில் வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக், ரப்பர் பேண்ட், செலோடேப், பசை தடவிய தாளில் படத்தை அழுத்தி ஒட்டும் ஆல்பம் எல்லாம் விலக்கு.

பிளேட்டுகளை நீளவாக்கு ஓரத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பது பாரம் தாங்காமல் உடையும். ஒரு ஃபுல் பிளேட் கண்ணாடி, அதாவது ஆறரைக்கு எட்டரை அங்குலம், 150 முதல் 200 கிராம் வரை இருக்கும். 50 சேர்ந்தால் 8, 9 கிலோ. எனவே சின்னப் பெட்டி. மேலே ‘கண்ணாடி, கனம்’ என்று பெரிதாக எழுதுங்கள், தூக்குகிறவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

மர அலமாரியைவிட ஸ்டீல் பீரோ நல்லது. மரமும், குறிப்பாகப் பிளைவுட்டும், அமில ஆவி விடும். புதிதாகப் பெயின்ட் அடித்த அறையில் சில வாரங்களுக்கு வைக்காதீர்கள். அந்துருண்டை, கற்பூரம், வசம்பு, வேப்பிலை எதுவும் பெட்டிக்குள் வேண்டாம். பட்டுப்புடவைக்குச் சரியாக இருப்பது இதற்குச் சரிவராது. அந்துருண்டையின் ஆவி படத்தின் மேலேயே படியக்கூடும்.

ஏசி அறை கட்டாயமா?

சூட்டைவிட ஈரம்தான் நம் ஊரில் எதிரி. ஈரப்பதம் 30-க்கும் 50-க்கும் இடையே இருந்தால் நல்லது. 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோரங்களில் ஆண்டில் பல மாதங்கள் அதற்கு மேல்தான்.

பகலில் போட்டு இரவில் நிறுத்தும் ஏசி, போடாமல் இருப்பதைவிட மோசம். ஈரம் ஏறி இறங்கினால் ஜெலட்டின் விரிந்து சுருங்கிக் கண்ணாடியிலிருந்து கழன்றுவிடும். ஏசியை நாள் முழுக்க ஓட்ட முடியாதவர்கள் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் பெட்டியில், காய்ந்த நாளாகப் பார்த்து, சிலிகா ஜெல் பைகளோடு வைத்து மூடலாம் (நைட்ரேட்டும் காடி வாடை அடிக்கும் ஃபிலிமும் இதில் சேராது). உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுங்கள். வெளிச்சுவரை ஒட்டி, குளியலறைக்குப் பக்கத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே வைக்கக்கூடாது.

பிளேட் உடைந்துவிட்டது.

ஒட்டாதீர்கள். ஃபெவிகுவிக் ஆவி பூச்சில் படியும். துண்டுகள் ஒன்றையொன்று உரசாதபடி இடையில் காகிதம் வைத்து, அட்டையில் படுக்கை வாட்டில் வையுங்கள். சேர்த்து வைத்து ஒரு படம் எடுத்தால் விரிசல் கோட்டோடு முழுப் படமும் கிடைத்துவிடும்.

கூடத்தில் மாட்டிய பெரிய படம் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. எப்படிப் பிரிப்பது?

வீட்டில் பிரிக்க முடியாது. மழைக்காலத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்துச் சந்தனம் குங்குமத்தைப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, கண்ணாடி வழியாகவே படம் எடுத்துவிடுங்கள். பின்பலகையை மட்டும் பக்குவமாகக் கழற்றிப் பார்க்கலாம். பலகைக்கும் படத்துக்கும் நடுவில் பழைய காலண்டர் தாளோ, இன்னொரு படமோகூட இருக்கும். புதிதாக ஃப்ரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடும் அட்டை விளிம்பு வையுங்கள்.

வெள்ளம் புகுந்துவிட்டால்?

2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ வீட்டு ஆல்பங்கள் செங்கல் போலக் காய்ந்து இறுகிப்போயின. நனைந்ததைவிட, அப்படியே அடுக்கில் காய்ந்ததுதான் கெடுத்தது. பிரிண்டுகளை ஈரமாக இருக்கும்போதே பிரித்து, சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்புங்கள். நிறைய இருந்து இரண்டு நாளுக்குள் முடியாது என்றால், சிறு சிறு கட்டாகப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பார்க்கலாம். கண்ணாடிப் பிளேட்டுகளை மட்டும் ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. அவற்றைப் பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்திக் காற்றில் காயவிடுங்கள். வெயில், ஹேர் டிரையர் வேண்டாம்.

ஸ்கேன் செய்தாகிவிட்டது. இனி ஒரிஜினலைத் தூக்கிப் போடலாமா?

இந்தக் கேள்வி வராத குடும்பம் இல்லை. கூடாது. நல்ல நெகட்டிவ் ஒன்றில் உங்கள் ஸ்கேனர் எடுத்ததைவிட எவ்வளவோ அதிகம் இருக்கிறது. 130 வயதான கண்ணாடியை இன்றும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். 2005-இல் பதிவு செய்த சி.டி.யைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஸ்கேன் செய்யும் முறை: ஃபிலிம் பார்க்கும் வசதியுள்ள ஸ்கேனர், இல்லையென்றால் மேலிருந்து கீழ்நோக்கிப் பொருத்திய கேமரா, மேக்ரோ லென்ஸ், அடியில் எல்.இ.டி. விளக்குப் பலகை. பிளேட்டைச் சட்டத்துக்குள் வெட்டாமல் நான்கு ஓரமும் தெரிய எடுங்கள். கீறிய எண், விரல் ரேகை, பூச்சில்லாத மூலை எல்லாம் ஓரத்தில்தான். பின்வெளிச்சத்தில் ஒன்று, மேல்வெளிச்சத்தில் ஒன்று. இரண்டாவதில்தான் டச்சிங் தெரியும். தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் ‘டிஃப்’ (TIFF) கோப்பாக, நெகட்டிவாகவே, திருத்தமில்லாமல் சேமியுங்கள். பாசிட்டிவாக மாற்றுவது, கறை நீக்குவது எல்லாம் நகலில். ஹாஃப் பிளேட் அளவுக்கு 1200 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும், பிரிண்டுகளுக்கு 600. கோப்பின் பெயரும் பிளேட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில்.

ஏஐயில் கொடுத்துக் கலராக்கலாமா?

குடும்ப வாட்ஸாப் குழுவுக்குத் தாராளமாக. ஆனால் அது அந்த ஆள் இல்லை. இப்படி இருந்திருக்கலாம் என்று ஓர் இயந்திரம் ஊகித்த முகம். சேகரத்தில் சேர்க்காதீர்கள்.

பழம்பொருள் வியாபாரி நல்ல விலை சொல்கிறார். விற்கலாமா?

உங்கள் சொத்து, உங்கள் முடிவு. ஆனால் அவர் எப்படி வாங்குகிறார் என்று பாருங்கள். ராஜா குடும்பம், யானை, கோயில், தேவதாசிகள் என்று 40 பிளேட்டை மட்டும் பொறுக்கிக் கேட்டால் மீதி 900-க்கு அப்புறம் ஒரு மரியாதையும் இருக்காது.

பாரிஸ் நகரத்தைப் படமெடுத்த யூஜின் அட்ஜே விஷயத்தில் நடந்ததைச் சொல்லலாம். 1920-இல் அவரே 2,621 நெகட்டிவ்களைப் பிரெஞ்சு அரசுக்கு 10,000 ஃபிராங்குக்கு விற்றார். 1927-இல் இறந்தார். அவர் அறையில் மிஞ்சியிருந்ததை பெரனீஸ் ஆபட் என்ற இளம் அமெரிக்கப் பெண் போட்டோகிராபர் அடுத்த ஆண்டு மொத்தமாக வாங்கினார். நெகட்டிவ் ஆயிரத்துக்கு மேல், பிரிண்ட் பல ஆயிரம். நாற்பது ஆண்டுகள் காத்து வைத்து, 1968-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு விற்றார். இன்று அட்ஜேயைப் பற்றி உலகம் பேசுவதில் பெரும்பங்கு, ஆபட் அந்தக் குவியலைப் பொறுக்கியெடுக்காமல் மொத்தமாக வாங்கியதால் வந்தது.

நம் நாட்டில் லாலா தீன் தயாளின் சேகரம். 1844-இல் மீரட் அருகே சர்தனாவில் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் படித்து, இந்தூரில் அரசு வேலை பார்த்துக்கொண்டே போட்டோவுக்கு வந்தவர். பிறகு ஹைதராபாத் நிஜாமின் அரண்மனை போட்டோகிராபர். பெண்களைப் படமெடுப்பதற்கென்றே ஹைதராபாத்தில் தனி ஸ்டுடியோ வைத்தார். நெகட்டிவிலேயே எண்ணும் இடப்பெயரும் எழுதும் பழக்கம் அவருக்கு இருந்ததால், பிரிந்துபோன பிரிண்டுகளைக்கூட இன்று பொருத்திப் பார்க்க முடிகிறது. அவர் 1905-இல் இறந்த பிறகு குடும்பம் காத்துவந்த கண்ணாடி நெகட்டிவ்களில் 2,857-ஐ டெல்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-இல் வாங்கிக்கொண்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கொல்கத்தாவின் போர்ன் அண்ட் ஷெப்பர்டு ஸ்டுடியோவில் 1991-இல் ஏற்பட்ட தீ அதன் சேகரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக வைத்திருப்பதன் ஆபத்து அது. எத்தனையோ ஊர்களில் இந்தச் சத்தம்கூட இல்லாமல் காரியம் முடிந்தது: பூச்சைச் சுரண்டி, கண்ணாடியைக் கழுவி, ஃப்ரேம் போட விற்றுவிட்டார்கள்.

இன்னொன்று: 100 ஆண்டைத் தாண்டிய பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972 கட்டுப்படுத்துகிறது. வெளிநாட்டில் யாராவது கேட்டால், அனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் விசாரியுங்கள்.

விற்கவில்லை, கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். யாரிடம்?

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ‘ஆபத்திலுள்ள ஆவணங்கள்’ திட்ட நிதியுடன் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களை எண்மமாக்கும் பணியைச் செய்திருக்கிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அச்சு ஆவணங்களைக் காப்பதில் நெடிய அனுபவம் உண்டு. இலங்கையில் உள்ளவர்கள் நூலகம் நிறுவனத்தைக் கேட்கலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பொருட்களைப் பாதுகாக்கும் வேதியியல் பிரிவு இருக்கிறது, ஆலோசனைக்கு அணுகலாம்.

யாரிடம் போனாலும் கேட்க வேண்டியவை: எடுத்துக்கொண்டு போகிறீர்களா, ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருகிறீர்களா? நோட்டுகளையும் சேர்த்து எடுப்பீர்களா? எங்களுக்கு ஒரு முழு நகல் உண்டா? பெயர் எப்படிப் போடுவீர்கள்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ‘அன்பளிப்பு’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணன் தம்பி, அத்தைகள் எல்லோரின் சம்மதமும் முதலிலேயே இருக்கட்டும். சேகரங்கள் பாதியாகப் பிரிவது பெரும்பாலும் பாகப்பிரிவினையில்தான்.

காப்புரிமை யாருக்கு?

பழைய சட்டப்படி, அதாவது இந்தியாவுக்கும் பொருந்திய 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போட்டோவுக்கு நெகட்டிவ் உருவான நாளிலிருந்து 50 ஆண்டு உரிமை. 1900-இல் எடுத்த படத்துக்கு அது 1950-லேயே முடிந்துவிட்டது. 1940, 50-களில் எடுத்தவற்றுக்குக் கணக்கு சிக்கலாகும். பிரசுரம் செய்வதாக இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள்.

இறந்தவர்களை உட்கார வைத்து எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது. இவற்றையும் வைத்திருக்க வேண்டுமா?

வையுங்கள். சாவு வீட்டுக்குப் போட்டோகிராபரைக் கூப்பிடுவது நம் ஊர்களில் சாதாரண வழக்கம். நாற்காலியில் கட்டி உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பம் நிற்கும். வாழ்நாளில் ஒருமுறைகூட ஸ்டுடியோ படியேறாத எத்தனையோ பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், இருக்கும் ஒரே படம் அதுவாக இருக்கும். சிலவற்றில் டச்சிங்காரர் மூடிய இமைகளின் மேல் கண்களை வரைந்திருப்பார். கூடத்தில் மாட்டியது அந்தப் பிரிண்ட்தான்.

வழக்கம்போல எண் கொடுங்கள், பட்டியலில் குறிப்புப் பத்தியில் ‘இறப்புப் படம்’ என்று எழுதுங்கள், ஆர்டர் நோட்டில் பெயர் இருந்தால் அதையும் சேருங்கள். இணையத்தில் ஏற்றும் தொகுப்பிலிருந்து மட்டும் தனியாகப் பிரித்து வையுங்கள். அந்தக் குடும்பத்திலிருந்து யாராவது தேடி வந்து கேட்டால், பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். காசு வாங்க வேண்டாம்.